கராஜுக்கு சாண்ட்பிளாஸ்டிங் கேபினெட்: செய்வதா, வாங்குவதா?

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். துருவேறிய பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்ட், போல்ட், கூடவே கொஞ்சம் அலுமினிய பாகங்கள். கையில் 2 எச்.பி. கம்ப்ரஸர், 100 லிட்டர் டேங்க். இதற்கு ஒரு சாண்ட்பிளாஸ்டிங் கேபினெட்டை (அழுத்தக் காற்றில் துகளை வீசித் துருவை உரிக்கும் மூடிய பெட்டி) ப்ளைவுட்டில் நீங்களே செய்யலாமா, தகரப் பெட்டியாக ரெடிமேடாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு வகையிலும் வேலை பார்த்திருக்கிறேன். என் பதில் கம்ப்ரஸரிலிருந்துதான் தொடங்கும். துருவை உரிப்பது காற்று. பெட்டி அந்தத் தூளையும் துகளையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். காற்று போதாத இடத்தில் எவ்வளவு நல்ல கேபினெட் வைத்தாலும் ஒரு பிராக்கெட்டுக்கு அரை மணி நேரம் போகும்.

வீட்டு கேபினெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் சைஃபன் கன். கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு துளைகள் தெரியும். பின்னால் சின்னதாக ஏர் ஜெட், முன்னால் அதைவிடப் பெரிய நாசில். ஜெட்டிலிருந்து சீறும் காற்று, இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த உறிஞ்சலில்தான் ஹோஸ் வழியாக மீடியா (வீசப்படும் துகளுக்கு இந்த வேலையில் அதுதான் பெயர்) மேலேறி வருகிறது. ஆகவே காற்றுச் செலவைத் தீர்மானிப்பது ஜெட்டின் துளை. நாசிலின் விட்டம் ஜெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பலர் நாசிலை மட்டும் சின்னதாக மாற்றிவிட்டு, காற்றுச் செலவு ஏன் குறையவில்லை என்று குழம்புகிறார்கள்.

80 பி.எஸ்.ஐ. (சுமார் ஐந்தரை பார்) அழுத்தத்தில் 3.2 மி.மீ. ஜெட் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று குடிக்கும். 2.4 மி.மீ. ஜெட்டுக்கு ஒன்பதரை கன அடி போதும். 2 மி.மீ. என்றால் ஆறரை. துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் காற்றுச் செலவு நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் தேய்வதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி உங்கள் கம்ப்ரஸர். நல்ல பிஸ்டன் கம்ப்ரஸர் 1 எச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு) வரை தரும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது பல சமயம் பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு. டேங்குக்குள் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. நீங்களே அளந்துவிடலாம். டேங்கின் வால்வை மூடி, முள் 4 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 100 லிட்டர் டேங்கில் 3 பார் ஏறினால் 300 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. 90 வினாடி எடுத்தால் நிமிடத்துக்கு 200 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் அது 7 சி.எஃப்.எம்.

இந்த 7-ஐ வைத்து 3.2 மி.மீ. ஜெட்டை ஓட்டிப் பார்ப்போம். நிமிடத்துக்கு 480 லிட்டர் செலவு, 200 லிட்டர் வரவு. துண்டு விழும் 280 லிட்டரை டேங்க் கொடுக்க வேண்டும். டேங்க் 8 பாரிலிருந்து ஐந்தரை பாருக்கு இறங்கும்போது கிடைப்பது 250 லிட்டர். ஆக, ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பிறகு டேங்க் நிரம்ப ஒன்றே கால் நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய டேங்க் வாங்கினால் வேலை செய்யும் நேரமும் கூடும், காத்திருக்கும் நேரமும் அதே அளவுக்குக் கூடும். மொத்தக் கணக்கில் மாற்றம் இல்லை.

அதனால் உங்கள் 2 எச்.பி.க்கு 2 மி.மீ. ஜெட், 4 மி.மீ. நாசில். உள்ளங்கை அளவு பாகங்களுக்கு இது பொறுமையாக வேலை செய்யும். ஆனால் பிஸ்டன் கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டதில்லை. பத்து நிமிடம் ஓட்டினால் அதே அளவு ஓய்வு கொடுங்கள். ஃபிரேம், வீல் ரிம் என்று போகப்போகிறீர்கள் என்றால், கேபினெட்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் 5 எச்.பி. கம்ப்ரஸரில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிரஷர் பாட் (மீடியாவை நிரப்பி அழுத்தம் ஏற்றும் மூடிய கலம்) பற்றியும் ஒரு வார்த்தை. மீடியாவை உறிஞ்சாமல் அழுத்தத்தோடு தள்ளுவதால் அதே காற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு வேகம் கிடைக்கும். ஆனால் பாட் காலியானால் நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, மறுபடி நிரப்ப வேண்டும். சிறு பாகங்களுக்கு சைஃபனே போதும்.

காற்றோடு கூடவே வரும் சனியன் ஈரம். அழுத்தும்போது காற்று கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதில் உள்ள நீராவி ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகும். அடையாளம் தெளிவாகத் தெரியும். சீராக ஓடிக்கொண்டிருந்த மீடியா விக்கி விக்கி வரும். ஹாப்பரில் (மீடியா வந்து சேரும் சரிவான அடிப்பகுதி) கைவிட்டால் சர்க்கரை கட்டிப்போனது போலக் கட்டிகள் நெருடும். வாட்டர் செப்பரேட்டரை கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் பெரிய பயன் இல்லை, அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் நீராவி அப்படியே கடந்து போய்விடும். எட்டுப் பத்து மீட்டர் உலோகக் குழாயில் சுற்றிவிட்டு, ஆறிய பிறகு கேபினெட்டுக்குப் பக்கத்தில் செப்பரேட்டரை வையுங்கள். குழாய் தாழும் இடத்தில் ஒரு வடிகால் வால்வ் இருக்கட்டும். இதற்கு பி.வி.சி. குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு அது நல்ல குழாய்தான். அழுத்தக் காற்றில் வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறி ஆளைக் குத்தும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாகங்கள் சின்னவை, மரவேலையில் பெரிய பழக்கம் இல்லை என்றால் வாங்குங்கள். ஆனால் வாங்குவதை ஒரு வெற்றுக் கூடாக நினைத்து வாங்குங்கள். மலிவான தகர கேபினெட்டில் பெட்டி, கதவு, கையுறை, கண்ணாடிச் சட்டம் எல்லாம் வெட்டித் தயாராக வரும், அந்த உழைப்பு மிச்சம். குறைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். மடிப்புகளில் இடைவெளி, விளக்கு மங்கல், கதவு நுரைப்பட்டை சில மாதங்களில் பொடிந்துபோகும், கன் தேறாது. பொருத்தும்போதே எல்லா மூட்டுகளிலும் சிலிக்கான் சீலன்ட் தடவுங்கள். நுரைப்பட்டையைப் பிய்த்துவிட்டு ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். கன்னை மாற்றுங்கள்.

வாங்கும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். மேஜை மேல் வைக்கும் சிறிய மாடல்களில் அடித்தளம் தட்டையாகவோ லேசான சரிவாகவோ இருக்கும். மீடியா மூலைகளில் தங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தள்ளிவிட வேண்டும். ஹாப்பரின் சரிவு 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. நுண்ணிய மீடியா என்றால் 60 டிகிரி நல்லது. கால் வைத்து நிற்கும் கூம்பு வடிவ ஹாப்பர் உள்ள மாடலாக எடுங்கள்.

செய்வது எப்போது சரி? பெரிய பாகம் உள்ளே போக வேண்டும், கராஜில் கிடைக்கும் மூலை ஒரு விசித்திர அளவு, ரம்பமும் ஸ்க்ரூவும் கையில் படிந்திருக்கிறது என்றால் தயங்காமல் செய்யுங்கள். 18 மி.மீ. ப்ளைவுட் தகரத்துக்கு எந்த விதத்திலும் சளைத்ததில்லை. சத்தம் குறைவு, எங்கே வேண்டுமானாலும் துளைபோட்டு மாற்றலாம். உள்ளே 90 செ.மீ. அகலம், 60 ஆழம், 60 உயரம் இருந்தால் பெரும்பாலான பாகங்களைத் திருப்பிப் பிடிக்கலாம். துகள் நேரே மோதும் பின்சுவரில் ரப்பர் ஷீட் தொங்கவிடுங்கள். தகடு அடிப்பதைவிட ரப்பர் அதிக நாள் தாங்கும், அடியை வாங்கித் திருப்பித் தள்ளிவிடுவதால்.

கைத்துளை விஷயத்தில்தான் வீட்டில் செய்பவர்கள் தவறுகிறார்கள். காகிதத்தில் வரைந்த அளவில் வெட்டிவிடுகிறார்கள். ஓர் அட்டைப்பெட்டியை உங்கள் மேஜை உயரத்தில் வைத்து, வேலை செய்யப்போகும் நிலையில் நின்றோ உட்கார்ந்தோ கைகளை நீட்டுங்கள். தோள் தளர்ந்து, முழங்கை லேசாக மடங்கி, கண் நேராகக் கண்ணாடியைப் பார்க்கும் இடம் தானாகக் கிடைக்கும். அங்கே குறியிட்டு, அதையே ப்ளைவுட்டில் எடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் நான் செய்த முதல் கேபினெட்டில் துளைகள் நான்கு விரல் மேலே போய்விட்டன. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அதே கேபினெட்டில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டிருந்தேன். முதல் பாகம் முடிவதற்குள் அது மூடுபனி போல வெளுத்துவிட்டது. சுழல் சுழலாகக் கீறல். அதன் பின்னால் என் கையுறையே நிழலாகத்தான் தெரிந்தது. ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடிதான் சரி. அதன் உள்பக்கம் தியாகத்துக்கு என்று ஒரு மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிமோ சாதாரண மெல்லிய கண்ணாடியோ வைத்து, வெளுத்ததும் அதை மட்டும் மாற்றுங்கள். விளக்கைப் பெட்டிக்கு உள்ளே தொங்கவிடாமல், கூரையில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்து அதன் மேல் எல்.இ.டி. வையுங்கள். பார்வையும் காற்றும் சரியாக இருந்தால் முக்கால்வாசி எரிச்சல் போய்விடும்.

கன்னில் ட்ரிக்கர் இருந்தால் அதை எடுத்துவிட்டு கால் பெடல் வால்வ் போடுங்கள். ரப்பர் கையுறைக்குள் ட்ரிக்கரை அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மீடியா உறிஞ்சும் குழாயை வெறுமனே துகளுக்குள் குத்திவைத்தால் சில வினாடியில் நின்றுவிடும். குழாயின் வாயைச் சுற்றி ஒரு பொந்து உண்டாகி, மீதி மீடியா சுவர்போல நின்றுகொள்ளும். அல்லது குழாய் முழுக்க அடைத்து, காற்று நுழைய வழியில்லாமல் திணறும். மீடியா ஹோஸில் மிதந்து வரக் காற்று வேண்டும். குழாயின் மேற்பகுதியில், துகள் மட்டத்துக்கு மேலே, 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதைச் சுற்றி டேப் ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். நாசிலிலிருந்து வரும் ஓட்டம் அடர்த்தியான புகைபோல வந்தால் மீடியா அதிகம். மெல்லிய, அரிதாகக் கண்ணுக்குப் படும் ஓட்டம்தான் வேகமாக வெட்டும். மீடியா கூடினால் வேலையும் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு துகளையும் வேகப்படுத்த அதே காற்றுதானே இருக்கிறது.

கன்னை 90 டிகிரியில் நேராகப் பிடித்தால் திரும்பி வரும் துகள் போகும் துகளோடு மோதி வேகத்தைக் கொல்லும். 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், 45 முதல் 60 டிகிரி சாய்வில் பிடியுங்கள்.

தூசி இழுக்க வாக்கம் கிளீனர் போதும், நடுவில் ஒரு சைக்ளோன் வாளி (காற்றைச் சுழற்றித் துகளை அடியில் விழவைப்பது) இருந்தால். அது இல்லாவிட்டால் ஃபில்டர் ஓரிரு வேலையிலேயே அடைத்துவிடும், நல்ல மீடியாவும் போய்விடும். ஹெப்பா ஃபில்டர் போடுங்கள். முடிந்தால் கிளீனரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். உள்ளே காற்று வர ஒரு வழி கட்டாயம் வேண்டும். சீல் நன்றாகச் செய்த பெட்டியில் நுழைவழி இல்லாமல் கிளீனரை ஓட்டினால், 90-க்கு 60 செ.மீ. தகட்டின் மேல், வெறும் 100 மி.மீ. தண்ணீர் அளவு உறிஞ்சலுக்கே 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். கிளீனர்கள் இழுப்பது அதைவிடப் பல மடங்கு. மெல்லிய தகரம் டப்பா நசுங்குவது போல உள்வாங்கிவிடும். நுழைவழியை உள்ளிருந்து ஒரு மடிப்புத் தகடால் மறைத்துவிட்டால் துகள் வெளியே தெறிக்காது.

உறிஞ்சியை வேலை முடிந்த உடனே அணைக்காதீர்கள். உள்ளே தெளிந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் ஓடட்டும், அதன்பின் கதவைத் திறங்கள். முகத்தில் பி100 அல்லது பி3 தர மாஸ்க் இருக்கட்டும், பெட்டி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும்.

மீடியாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வேலைக்குப் பெயரே மணல் வீச்சு. 1870-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் இதற்குக் காப்புரிமை பெற்றபோது வீசியதும் மணல்தான். ஆனால் மணலை இன்று இதில் போடக் கூடாது. கட்டட மணல், ஆற்று மணல், சலித்த மணல், எதுவாக இருந்தாலும் கூடாது. அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூளாகி நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கும். உடல் அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் வடுவாக்கிக்கொண்டே போகும். இதுதான் சிலிகோசிஸ். வந்த வடு திரும்பாது. பிரிட்டன் 1949-லேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதற்குத் தடைவிதி கொண்டுவந்தது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் 1974-இல் தடைக்குப் பரிந்துரைத்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் தர மணல் வீசிய இளைஞர்கள் சில வருட வேலையிலேயே இந்த நோயில் விழுந்த பிறகுதான் 2009-இல் அங்கே அதைத் தடை செய்தார்கள். கேபினெட்டுக்குள்தானே வீசுகிறேன் என்று சொல்லாதீர்கள். கதவைத் திறக்கிறீர்கள், மீடியாவைக் கொட்டுகிறீர்கள், ஃபில்டரைத் தட்டுகிறீர்கள். தட்டும் இடத்தில் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவார்கள்.

அதற்குப் பதிலாக என்ன போடுவது? துருவுக்கும் பெயின்டுக்கும் அலுமினியம் ஆக்ஸைடு, 80 மெஷ் (துகளின் பருமனைச் சொல்லும் சல்லடை எண்). கடினத்தில் வைரத்துக்கு ஒரு படி கீழே, மோஸ் அளவில் 9. மறுபடி மறுபடி பயன்படும். பெயின்ட் பிடிக்கச் சொரசொரப்பான பரப்பு தரும். நாசிலையும் அதே கடினத்தோடு தின்னும். சாதாரண செராமிக் நாசில் சில மணி நேரத்தில் ஓட்டை பெரிதாகி நிற்கும். போரான் கார்பைடு நாசில் ஒன்று வாங்கினால் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். விலை அதிகம்தான், ஆனாலும் வாங்குங்கள். கார்னெட் என்ற கனிமத் துகள் நடுத்தரமான நல்ல தேர்வு. அலுமினிய உறைகளுக்கு கிளாஸ் பீட் (நுண்ணிய கண்ணாடி மணிகள்), 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். அதற்கு மேல் போனால் மணிகள் உடைந்து தூளாகும். கிளாஸ் பீட் தடித்த துருவை எடுக்காது. பட்டுப்போன்ற மினுக்கம் தருவதுதான் அதன் வேலை. வால்நட் ஓட்டுத் தூள், சோடா எல்லாம் மென்மையான பரப்புக்கு. உங்களுக்கு இப்போது தேவைப்படாது. சிறிய கேபினெட்டுக்கு 5 முதல் 10 கிலோ போதும்.

இரும்புக்குப் போட்ட மீடியாவை அலுமினியத்துக்குப் போடாதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்புள்ளியாக எழும். அதைவிட முக்கியமான காரணம், அலுமினியத் தூளும் துருத் தூளும் கலந்தால் அது தெர்மைட் கலவை, பற்றினால் கடும் வெப்பத்தோடு எரியும். தூசி வாளியில் அதைச் சேர விடக் கூடாது. ஒன்றை மாற்றும்போது பெட்டியையும் வாளியையும் முழுக்கக் காலி செய்யுங்கள். கன்னிலிருந்தும் உள்ளே இருக்கும் வலைத்தட்டிலிருந்தும் ஒரு வயரை எடுத்து எர்த்தில் இணையுங்கள். வறண்ட நாளில் மீடியா ஓட்டம் உண்டாக்கும் நிலைமின்சாரம் கையைச் சுருக்கென்று அடிக்கும். தூசியில் தீப்பொறியும் வேண்டாம்.

எல்லாப் பாகத்தையும் உள்ளே போடலாம் என்று நினைக்க வேண்டாம். கார்புரேட்டரின் ஜெட் வழிகளில் ஒரு கண்ணாடி மணி மாட்டினால் போதும், தேடித் தேடி ஓய்ந்துபோவீர்கள். ஆயில் வழிகள் உள்ள கிராங்க்கேஸ், பேரிங் உள்ள எதுவும் வேண்டாம். ஒளிந்திருந்த ஒரு துகள் பிறகு எண்ணெயோடு சுற்றி எஞ்சினை அரைக்கும். குரோம், கேட்மியம் பூசிய போல்ட், ஈயம் இருக்கக்கூடிய பழைய பெயின்ட், பழைய பிரேக் ஷூ ஆகியவற்றின் தூள் நஞ்சு. பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைத் தொடவே தொடாதீர்கள். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் நின்று அடித்தால் அந்தப் பக்கம் விரிந்து தகடு வளையும். பெட்ரோல் டேங்க், மட்கார்டு போன்றவற்றை வேறு வழியில் சுத்தம் செய்யுங்கள்.

உள்ளே போகும் பாகம் எண்ணெய் இல்லாமல், காய்ந்து இருக்க வேண்டும். கிரீஸோடு போட்டால் மீடியா முழுக்க எண்ணெய் பிடித்து, பிறகு சுத்தமான பாகத்திலும் அதைப் பூசும். திருகு மரைகளில் பழைய போல்ட்டைத் திருகி மூடுங்கள், துகள் படக் கூடாத பரப்புகளில் டக்ட் டேப் இரண்டு சுற்று.

வெளியே எடுத்ததும் அந்த இரும்பு சாம்பல் நிறத்தில், துளி பளபளப்பில்லாமல் இருக்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல்ரேகை பட்ட இடம் மறுநாள் காலையில் ரேகை வடிவத்திலேயே துருவாகத் தெரியும். சுத்தமான காற்றால் ஊதி, அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பிரைமர் அடித்துவிடுங்கள். மழை ஈரம் இருக்கும் நாளில், அன்றே பிரைமர் அடிக்க முடிந்த அளவு பாகங்களை மட்டும் கேபினெட்டில் போடுங்கள்.